நடுவில் மட்டும் ஈரம்

இந்த வார்டில் நர்ஸ் பயிற்சிக்குப் புதிதாகச் சேர்ந்திருக்கும் உங்கள் ஆறு பேரையும் எனக்கு முகத்தால் தெரியும். பெயரால் தெரிந்தது ஒருத்தியைத்தான். போன வாரம் என்னைச் சுற்றி நின்றுகொண்டு, இருபத்தெட்டு வருஷம் மலையில் நர்ஸாக இருந்தீர்களே, எங்களுக்கு ஏதாவது சொல்லுங்கள் என்று கேட்டீர்கள். நான் சிரித்து மழுப்பிவிட்டேன். வேலையிலிருந்து ஓய்வு பெற்றவர்களுக்குப் பேச்சு வராமல் போவது அபூர்வம். எனக்கு வரவில்லை. அதனால் எழுதித் தருகிறேன். எழுத்து கோணலாக இருக்கும், பொறுத்துக்கொள்ளுங்கள்.

பதினோராம் கட்டிலில் இருப்பவள் என் மகள் எஸ்தர். கர்ப்பப்பையில் கட்டி வளர்ந்து, ரத்தப்போக்கு நிற்காமல், கர்ப்பப்பையையே எடுக்க வேண்டியதாயிற்று. ஆபரேஷன் நல்லபடியாக முடிந்தது. ஏழாம் நாள்தான் சிறுநீர்ப்பையில் ஒரு துளை விழுந்திருப்பதும், நீர் அவளை அறியாமல் கசிவதும் தெரிந்தது. ஃபிஸ்டுலா என்று உங்கள் பாடத்தில் படித்திருப்பீர்கள். இருபத்தோரு நாளாக ஒரு ரப்பர் குழாய் வழியாக அவள் நீர் கட்டிலுக்குக் கீழே பாத்திரத்தில் இறங்கிக்கொண்டிருக்கிறது. பை நிறையாமல் காலியாகவே கிடந்தால் சின்னத் துளை தானாக மூடிக்கொள்ளக் கூடும் என்று டாக்டரம்மா சொன்னார். நாளைக் காலை குழாயை எடுப்பார்கள். அதன்பின் விரிப்பு காய்ந்திருந்தால் அவள் வீட்டுக்குப் போவாள், பள்ளிக்கூடத்தில் பாடம் நடத்துவாள், தன் இரண்டு பிள்ளைகளையும் பக்கத்தில் போட்டுக்கொண்டு தூங்குவாள். காயாவிட்டால் சில மாதம் அப்படியே இருந்து, மறுபடி கத்தி.

மத்தியானத்தில் இந்த வார்டு அமைதியாகிவிடுகிறது. கணவாய் வழியாக வரும் ஆடிக்காற்று கதவுகளை மெல்லத் தட்டிக்கொண்டே இருக்கிறது. பாத்திரத்தில் சொட்டு விழும் சத்தம். நான் நாற்காலியில் கண்ணை மூடினால் காற்று நின்றுபோய், எல்லாம் வெள்ளையாகி, கட்டிலில் படுத்திருப்பது வேறொருத்தியாகிவிடுகிறது. அவளைப் பற்றித்தான் உங்களுக்குச் சொல்ல வேண்டும்.

அப்போது எனக்கு இருபத்தைந்து வயது. பீர்மேட்டுக்கு மேலே ஒரு தேயிலைத் தோட்டத்து ஆஸ்பத்திரி, பன்னிரண்டு கட்டில். ஆனி பிறந்தால் மூடுபனி இறங்கிவிடும். மலையில் அதற்கு மஞ்சு என்றுதான் பேர். ஜன்னலைத் திறந்தால் அது பாட்டுக்கு உள்ளே வந்து கட்டில்களுக்கு நடுவே நடக்கும். எதிர்க்கட்டிலில் இருப்பவளின் இருமல் கேட்கும், முகம் தெரியாது. மாதக்கணக்கில் எதுவும் காயாது. அதனால் ஆஸ்பத்திரித் துணிகளைத் தேயிலை ஃபேக்டரியின் மாடியில், கொழுந்தை வாட்டும் இடத்துச் சூட்டில் காயப்போடுவோம். என் கணவருக்கு அங்கே வேலை. அவர் செய்த ஏற்பாடு அது. துணி முக்கால்வாசி காய்ந்து வரும். விரிப்பு, தலையணை உறை, கட்டுத்துணி எல்லாவற்றிலும் வாடின கொழுந்தின் வாசனை ஏறியிருக்கும். அந்த வாசனைக்குள் வேறெந்த வாசனையும் தலைகாட்டாது.

மாடத்தி கொழுந்து எடுக்கிறவள். தென்காசிப் பக்கத்துக் குடும்பம். என் வயதுதான். அவளுக்கும் இதே கட்டி, இதே ஆபரேஷன். வெள்ளைக்காரரான டாக்டர் துரை வாரம் ஒருமுறை கீழே இருந்து குதிரையில் வருவார். ஒரு வியாழக்கிழமை அவளுக்கு ஆபரேஷன் செய்துவிட்டுப் போனார். அடுத்த வியாழன் காலை அவர் வருமுன் படுக்கைகளைச் சரிசெய்துகொண்டு வந்தேன். மாடத்தியின் இடுப்புக்குக் கீழே கையை விட்டேன். ஈரம்.

விரிப்பின் ஓரம் வழக்கமான மஞ்சு ஈரமாக, சில்லென்று இருந்தது. நடுவில் வேறுமாதிரி இருந்தது. நடுவில் வெதுவெதுப்பு. மஞ்சுக்குச் சூடு கிடையாது. என் கை அதைத் தெரிந்துகொண்டது. கை தெரிந்துகொண்டதை நான் தெரிந்துகொள்ளவில்லை என்று வைத்துக்கொண்டேன்.

"நர்சம்மா, நனைஞ்சு கெடக்க மாதிரி இருக்கே. என்னது?" என்றாள் மாடத்தி.

"மஞ்சு ஈரம்."

"மஞ்சுதானா?"

"மஞ்சுதான் மாடத்தி. இந்த ஊர்ல எது காயுது?"

அவள் முகம் தெளிந்துவிட்டது. வெளியே குதிரைக் குளம்புச் சத்தம் மஞ்சுக்குள்ளிருந்து வந்தது. நான் அவசரமாக விரிப்பை உருவி, வேறொன்றைப் போட்டேன். போன மாதம்தான் ஒரு கட்டு சரியில்லை என்று கம்பவுண்டரை எல்லார் முன்னாலும் நிற்க வைத்து டாக்டர் துரை பேசியிருந்தார். அந்தப் பயம் எனக்கு இருந்தது. ஆனால் அது மட்டும் என்று சொன்னால் பொய். அது உண்மையாக இருந்துவிடக் கூடாது என்று ஆசைப்பட்டேன். வாய்விட்டுச் சொன்னால்தான் அது உண்மையாகும் என்பதுபோல.

அவர் கட்டிலின் கால்மாட்டில் நின்று, விரிப்பு காய்ந்திருக்கிறதா என்பதை ஒரே வார்த்தையில் கேட்டார்.

"ட்ரை?"

"ட்ரை, சார்."

பன்னிரண்டாம் நாள் மாடத்தி நடந்தே லயத்துக்குப் போனாள். லயம் என்பது தோட்டத்துக் குடும்பங்கள் வரிசையாகக் குடியிருக்கும் வீடுகள். இரண்டு மாதம் கழித்துக் கொழுந்துக்கும் போக ஆரம்பித்தாள்.

தேயிலைச் செடி இடுப்பளவு நிற்கும். மழை பெய்யாத நாளிலும் செடியில் இருக்கும் நீர் எல்லாம் எடுக்கிறவள் மேல்தான். அதனால் பெண்கள் இடுப்பைச் சுற்றிச் சாக்கைக் கட்டிக்கொள்வார்கள். மாலையில் மலைச்சரிவில் இறங்கி வரும்போது ஒவ்வொருத்தி சாக்கிலும் நீர் சொட்டும். அத்தனை சாக்குகளுக்கு நடுவில் ஒரு சாக்கு வேறு காரணத்துக்காக நனைந்திருப்பதை யார் பார்க்கப்போகிறார்கள்? ஐப்பசி மழையில் மற்றவர்கள் மரத்தடியில் ஒதுங்கும்போது மாடத்தி மழைக்குள் போய் நின்று எடுப்பாளாம். முழுக்க நனைந்த பிறகுதான் மனசு அமைதியாக இருக்கும் என்று பின்னால் என்னிடம் சொன்னாள்.

தை பிறந்தது. மஞ்சு விலகி, மலை முழுக்க வெயில் விழுந்தது. மற்றவர்களின் சாக்கு காய்ந்தது.

கொழுந்து நிறுக்கும் இடத்தில் ஒருத்தி கேட்டிருக்கிறாள்: "ஏட்டி மாடத்தி, ஒனக்கு மட்டும் தனியா மழ பெய்யுதாட்டி?"

"மஞ்சு ஈரம். நர்சம்மா சொல்லிருக்காக."

எல்லாரும் சிரித்தார்களாம். "நர்சம்மா வீட்டு மஞ்சை ஒன் சேலையில முடிஞ்சு விட்டுட்டாகளா?" என்று இன்னொருத்தி கேட்டாளாம். அன்று சாயங்காலமே மாமியார் அவள் பாயை விறகுக் கொட்டகையில் தூக்கிப் போட்டாள். வேலையாட்களை மேய்க்கும் கங்காணி, மாதக் கடைசியில் பேரை வெட்டி மலையிறக்கிவிடுவேன் என்றான்.

மறுநாள் காலை நல்ல வெயிலில் அவள் ஆஸ்பத்திரிக்கு வந்தாள். மடித்துக் கொண்டுவந்த சாக்கை என் மேஜைமேல் வைத்தாள். கோபம் எதுவும் இல்லை. கணக்கு டீச்சரிடம் விடை வராத கணக்கைக் காட்டும் பிள்ளைபோல நின்றாள்.

"நர்சம்மா, மஞ்சு போயிருச்சு. இது போவல."

ஆறு மாதமும் அவள் என்னை நம்பியிருக்கிறாள் என்பது எனக்கு அப்போதுதான் உறைத்தது. நான் வாயில் வந்ததைச் சொன்னேன். அவள் அதைப் பிடித்துக்கொண்டு ஒரு மழைக்காலத்தையே கடந்திருக்கிறாள்.

வியாழக்கிழமை டாக்டர் துரை பார்த்தார். காய்ச்சி ஆறவைத்த பாலைக் குழாய் வழியாகச் சிறுநீர்ப்பைக்குள் விட்டார். விளக்கை நான் பிடித்திருந்தேன். உள்ளே யோனியின் சுவரில், கடுகளவு இடத்தில், வெள்ளையாக ஒரு துளி எட்டிப் பார்த்தது. அவர் நிமிர்ந்து, தோட்டத்தில் கற்ற தமிழில் மாடத்தியைக் கேட்டார்.

"எப்ப இருந்து?"

அவள் என்னை ஒருமுறை பார்த்தாள். "ஒரு மாசமாத்தான் தொர" என்றாள்.

என்னைக் காப்பாற்றுகிறாள் என்று புரிந்தது. வெட்கத்தைவிட முதலில் வந்தது நிம்மதிதான். அதையும் உங்களிடம் மறைக்கவில்லை.

"ஒரு மாசம் என்றால் புண் பச்சை. தையல் நிக்காது. மூணு மாசம் கழிச்சு வா" என்று சொல்லிவிட்டு அவர் கை கழுவப் போனார்.

மாடத்திக்கு இது தெரியாது. தேதியைக் குறைத்துச் சொன்னால் காத்திருப்பு கூடும் என்று அவளுக்கு எப்படித் தெரியும்? மூன்று மாதம் கழித்து அவள் இந்த மலையில் இருக்க மாட்டாள். கங்காணி பேரை வெட்டியிருப்பான். கீழே போனால் மறுபடி எந்த டாக்டர், எந்த ஆஸ்பத்திரி? கட்டிலில் கிடந்தபடியே அவள் கூரையைப் பார்த்துக்கொண்டிருந்தாள். ஜன்னலில் வெயில். வாளியிலிருந்து அவர் கையில் நீர் விழும் சத்தம். அந்தச் சத்தம் நிற்பதற்குள் சொல்ல வேண்டும், நின்றால் அவர் அடுத்த கட்டிலுக்குப் போய்விடுவார் என்று எனக்குத் தோன்றியது.

"ஒரு மாசம் இல்ல சார். ஆபரேஷன் முடிஞ்ச ஏழாம் நாள் காலையிலேருந்து. நான்தான் உங்ககிட்ட ட்ரைன்னு சொன்னேன்."

நீர்ச் சத்தம் நின்றது. அவர் துண்டில் ஒவ்வொரு விரலாகத் துடைத்தார். அது முடிய வெகுநேரம் ஆனதுபோல இருந்தது.

"அப்படியானா நாளைக்கே செய்யலாம்" என்றார்.

அவ்வளவுதான். திட்டவில்லை, மேலிடத்துக்கு எழுதவில்லை. ஆனால் அதன்பின் அவர் அங்கே இருந்த நான்கு வருஷமும் என்னிடம் 'ட்ரை?' என்று கேட்கவே இல்லை. ஒவ்வொரு கட்டிலிலும் தானே குனிந்து, விரிப்புக்குக் கீழே கையை விட்டுப் பார்ப்பார். நான் பக்கத்தில் நிற்பேன்.

அன்று சாயங்காலம் மாடத்தியிடம் கேட்டேன், ஏன் அப்படிச் சொன்னாய் என்று.

"தொர ஒங்கள ஏசுனா என் சேல காஞ்சிருமா? நாளைக்கு எம் பக்கத்துல நிக்கப்போறது நீங்கதான" என்றாள். பிறகு, "ஆனா இனிமே மஞ்சுன்னு சொன்னியன்னா நம்ப மாட்டேன், ஆமா" என்றாள்.

தையல் போட்ட பிறகு பதினான்கு நாள் குப்புறப் படுத்திருக்க வேண்டும். முகம் கட்டில் விளிம்புக்கு வெளியே தொங்கும். அவளுக்குத் தெரிந்த உலகமெல்லாம் சிமெண்டுத் தரை. எஸ்தருக்கு அப்போது ஆறு வயது. வீட்டில் பார்த்துக்கொள்ள ஆள் இல்லாததால் என்னோடு வருவாள். மாடத்தியின் முகத்துக்கு நேர் கீழே தரையில் மல்லாந்து படுத்துக்கொண்டு சிலேட்டில் எழுதித் தலைக்கு மேலே தூக்கிக் காட்டுவாள். மாடத்திக்குப் படிக்கத் தெரியாது. "இது என்னது, சேவலா?" என்று கேட்பாள். "இது 'அ'" என்று எஸ்தர் கோபிப்பாள். நான் குழாயைப் பார்த்துக்கொண்டிருப்பேன். சொட்டு நின்றால் பை நிறையும், பை நிறைந்தால் தையல் பிரியும். ஒரு சொட்டுக்கும் அடுத்த சொட்டுக்கும் நடுவில் நான் மூச்சு விட்டேனா என்று தெரியாது.

தையல் நின்றது. மாசி மாத வெயிலில் மாடத்தி கொழுந்துக்குப் போனாள். காய்ந்த சாக்கோடு அவள் திரும்பி வந்ததைப் பார்த்து அதே பெண், "என்னட்டி, மழ விட்டுருச்சா?" என்றாளாம். "விட்டுருச்சு" என்று மட்டும் சொன்னாளாம்.

இந்தக் கதை இங்கே முடிந்திருந்தால், நீங்கள் கேட்டபோதே நான் சொல்லியிருப்பேன். கேட்கிறவர்களுக்குப் பிடித்த கதை, தப்பு செய்து திருந்தின கதை. நான் திருந்தவில்லை.

எஸ்தருக்கு ஆபரேஷன் ஆன ஏழாம் நாள் காலை. ஜன்னல் திறந்திருந்தது, வெளியே சாரல். அவள் தூங்கிக்கொண்டிருந்தாள். பழக்கத்தில் என் கை விரிப்புக்குக் கீழே போனது. ஓரம் காய்ந்திருந்தது. நடுவில் ஈரம், வெதுவெதுப்பு. கால் நூற்றாண்டு கழிந்தும் அதே சூடு.

நான் எழுந்து போய் ஜன்னலைச் சாத்தினேன். யாரையும் கூப்பிடவில்லை. விரிப்பை மாற்ற அவளைப் புரட்டும்போது எஸ்தர் விழித்து, "என்னம்மா?" என்றாள். "சாரல் அடிச்சிருக்கு" என்றேன். அப்போது உங்களில் ஒருத்தி வந்தாள். அருளாயி. கொழிஞ்சாம்பாறைப் பெண்.

"விடுங்கம்மா, நான் மாத்தறனுங்க" என்றாள்.

"வேண்டாம் பாப்பா, சாரல் ஈரந்தான். நானே மாத்திக்கிறேன்."

அவள் விரிப்பின் ஓரத்தை இரண்டு விரலால் பிடித்துப் பார்த்தாள். பிறகு நடுவில்.

"ஓரம் காஞ்சு கெடக்குதுங்களே. சாரலுன்னா சன்னல்பக்கந்தானுங்களே மொதல்ல நனையோணும்?"

"நான் இருபத்தெட்டு வருஷம் நர்ஸா இருந்தவ. எனக்குத் தெரியாதா?" என்றேன். குரலை உயர்த்திவிட்டேன். பக்கத்துக் கட்டில்காரி திரும்பிப் பார்த்தாள்.

அருளாயி பயந்துதான் போனாள். அவள் கழுத்து சிவந்தது. ஆனால் கையிலிருந்த விரிப்பை என்னிடம் தரவில்லை.

"தெரியுமுங்க. இருந்தாலும் டாக்டரம்மாகிட்ட ஒரு வார்த்த சொல்லிப்போட்டு வந்தர்றனுங்க. சாரலாவே இருந்தா என்னைய வெய்யட்டும்" என்று சொல்லிவிட்டு, அந்த ஈர விரிப்பையும் கையோடு எடுத்துக்கொண்டு போனாள்.

அவளுக்கு இதை யாரும் கற்றுக்கொடுக்கவில்லை. சேர்ந்து இரண்டு மாதம்தான் ஆகிறது. மலையில் அந்த வியாழக்கிழமை நான் நின்ற அதே இடத்தில் அவள் நின்றாள், எதிரே ஒரு குதிரைச் சத்தத்துக்குப் பதிலாக நான் நின்றேன்.

டாக்டரம்மா உடனே வந்தார். இப்போது பாலுக்குப் பதில் நீல மருந்து. பஞ்சில் ஒரு நீலப் பொட்டு. "இன்னைக்கே பாத்தது நல்லதாப் போச்சு. சின்னதா இருக்கு, குழாயை வச்சுப் பாப்போம். ரெண்டு வாரம் விட்டிருந்தா இந்த வாய்ப்பும் போயிருக்கும்" என்றார்.

அதன்பின் இருபத்தோரு நாள். ஒருநாள் மத்தியானம் எஸ்தர் கண்ணை மூடியபடியே சொன்னாள்: "சின்ன வயசுல நான் தரையில படுத்திருப்பேன். மேலே ஒரு முகம் தலைகீழாத் தொங்கும், என்னைப் பாத்துச் சிரிக்கும். அது கனவாம்மா?"

கனவு என்று சொல்லியிருக்கலாம். எனக்குப் பொய் எளிதாக வரும் என்பது உங்களுக்கு இப்போது தெரியும். நான் மாடத்தியைப் பற்றி எல்லாவற்றையும் சொன்னேன். மஞ்சையும் சொன்னேன், சாரலையும் சொன்னேன். பாத்திரத்தில் சொட்டு விழுந்துகொண்டிருந்தது.

"என்கிட்டயுமா?" என்று மட்டும் கேட்டாள்.

நேற்று இத்துடன் எழுதுவதை நிறுத்தினேன். இன்று காலை எட்டு மணிக்குக் குழாயை எடுத்தார்கள். மணிக்கு ஒருமுறை எஸ்தரை எழுப்பி உட்காரவைத்து நீர் போகச் செய்தார்கள். இடையில் அவள் அசையாமல் படுத்திருந்தாள். காற்று நின்று, வார்டு முழுக்கப் பால் மாதிரி ஒரு வெளிச்சம். மத்தியானம் ஒரு மணிக்கு டாக்டரம்மா கதவருகே நின்று, "பாருங்க" என்றார். என்னைப் பார்த்துத்தான் சொன்னார். பழைய நர்ஸ் என்ற மரியாதை.

என் கை தானாக நீண்டது.

"நீங்க வேண்டாம்மா" என்றாள் எஸ்தர். கடுமையாகச் சொல்லவில்லை. என் கையைப் பிடித்துத் தன் கைக்குள் வைத்துக்கொண்டாள். "அருளாயியைக் கூப்பிடுங்க."

அருளாயி வந்தாள். புடவைத் தலைப்பில் கையை ஈரம் போகத் துடைத்துக்கொண்டாள். முதலில் விரிப்பின் ஓரத்தைத் தொட்டாள். பிறகு நடுவில் கையை விட்டாள். மறுபடி ஓரத்துக்கு வந்தாள், மறுபடி நடுவுக்குப் போனாள். அவசரப்படவில்லை. அவள் முகத்தில் நான் எதையும் படிக்க முடியவில்லை. எஸ்தரின் பிடி என் விரல்களில் இறுகியது.

"ரெண்டும் ஒண்ணாட்டத்தானுங்க இருக்குது" என்றாள் அருளாயி. "காஞ்சிருக்குதுங்க."